ரத்து பட்டனை ஒளித்துவைத்தால் அது பாவமா?

வாசகர் கேள்வி: மாதச் சந்தாவில் ஓடும் ஒரு செயலி நிறுவனத்தில் திரை வடிவமைப்பாளராக இருக்கிறேன். சந்தாவை ரத்து செய்யும் வழியை இரண்டு திரையிலிருந்து ஆறு திரையாக்கச் சொன்னார்கள். செய்துகொடுத்தேன். ரத்து செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். அதே வாரம் ஒரு பெரியவர் அனுப்பிய புகார் என் கண்ணில் பட்டது: "நான்கு மாதமாக முயற்சி செய்கிறேன் அம்மா, என்னால் வெளியே வர முடியவில்லை." அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சபையில் தீமை என்றால் சாத்தான், யுத்தம், ஒழுக்கக்கேடு என்று பேசுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகன், நன்மை தீமை எல்லாம் அவரவர் கருத்து என்கிறான். நான் செய்தது தீமையா? வேலையை விட வேண்டுமா? அப்படிப் பார்த்தால் நான் போடும் துணி, பிடித்திருக்கும் போன் எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் கண்ணீர் இருக்கிறதே, எங்கே போய் நிற்பது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. நீங்கள் செய்த செயல் எப்படிப்பட்டது, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, இனி என்ன செய்வது, உலகம் முழுவதன் தீமைக்கும் நீங்கள் பொறுப்பா. நான்கையும் ஒன்றாகக் கட்டித் தூக்கினால் யாராலும் தூக்க முடியாது. தூக்கம் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலில் தீமை என்பது என்ன என்று பார்ப்போம். திருச்சபையின் பெரும் போதகரான அகுஸ்தினார் (354–430) இளவயதில் சுமார் ஒன்பது ஆண்டுகள் மானி என்பவரின் கூட்டத்தோடு இருந்தார். ஒளி ஒரு ராஜ்யம், இருள் ஒரு ராஜ்யம், இரண்டும் ஆதியிலிருந்தே மோதிக்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் போதனை. அதைவிட்டு வெளியே வந்தபின் அவர் கண்டுகொண்டதையே திருச்சபை இன்றுவரை பெரும்பாலும் போதித்துவருகிறது: தீமைக்கென்று தனிச் சரக்கு கிடையாது. தேவன் படைத்ததெல்லாம் நல்லது. அந்த நன்மையில் விழும் குறையும் அரிப்பும்தான் தீமை. இரும்பு இல்லாமல் துரு இல்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் பொய்க்கும் வேலை இல்லை, ஏனென்றால் நம்பாதவனை ஏமாற்ற முடியாது. வலியைச் சின்னதாக்க இதைச் சொல்லவில்லை. கிணறு வெறும் பள்ளம்தான், ஆனால் விழுந்தவருக்கு எலும்பு முறிகிறது.

இதனால் உங்களுக்கு ஒரு பயன் உண்டு. தீமையைத் தேடும்போது கோர முகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள், "இங்கே எந்த நன்மை தின்னப்படுகிறது?" என்று கேட்பீர்கள். உங்கள் ஆறு திரைகள் எதைத் தின்று வாழ்கின்றன? திரையில் எழுதியிருப்பது உண்மையாக இருக்கும் என்று அந்தப் பெரியவர் வைத்த நம்பிக்கையை. அந்த நம்பிக்கை இல்லையென்றால் அவர் முதல் மாதமே வங்கிக்குப் போய்ப் பணம் போவதை நிறுத்தியிருப்பார். நம்பியதால்தான் நான்கு மாதம் முயன்றார்.

சபையில் சாத்தானைப் பற்றிப் பேசுவது தவறில்லை. வேதம் பேசுகிறது. ஆனால் அவனைத் தேவனுக்குச் சமமான எதிராளியாக நிறுத்தினால் அது மானியின் போதனை, கிறிஸ்தவம் அல்ல. அவன் படைக்கப்பட்டவன், எதையும் உண்டாக்கத் தெரியாதவன், உள்ளதைத் திருகத் தெரிந்தவன். ஆதியாகமம் 3ஐ உங்கள் தொழில் கண்ணால் ஒருமுறை படியுங்கள். ஒரு மரத்தைத் தவிர மற்ற எல்லா மரத்தின் கனியையும் புசிக்கலாம் என்பதுதான் தேவன் கொடுத்த கட்டளை (2:16–17). சர்ப்பம் கேட்கிறது: "நீங்கள் தோட்டத்திலுள்ள சகல விருட்சங்களின் கனியையும் புசிக்கவேண்டாம் என்று தேவன் சொன்னது உண்டோ?" அந்தக் கேள்வியில் நேரடிப் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் விசாலமான அனுமதி அதில் தடையாகிவிட்டது. அதைத் திருத்தப் போன ஏவாளும் கட்டளையில் இல்லாத "தொடவும் வேண்டாம்" என்பதைச் சேர்த்துவிடுகிறாள். கேள்வி கோணலாக இருந்தால் பதிலும் கோணும். உங்கள் மூன்றாவது திரையில் "வேண்டாம், எனக்குச் சேமிப்பில் அக்கறை இல்லை" என்பது போல ஒரு பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் துறையில் அதற்கு ஒரு பெயரே உண்டு, கன்ஃபர்ம்ஷேமிங், அதாவது மறுப்பவரை வெட்கப்படவைப்பது. கேள்வியைக் கட்டியிருக்கும் விதம் சர்ப்பம் கட்டிய அதே விதம்தான்.

அடுத்தது செயலை எடைபோடும் முறை. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) ஒரு செயலின் நன்மை தீமையை மூன்று இடத்தில் பார்க்கச் சொன்னார்: செய்த செயல், அதன் நோக்கம், சூழ்நிலை. மூன்றும் செம்மையாக இருந்தால்தான் செயல் நல்லது. ஒன்று கெட்டாலும் செயல் கெட்டது. நடைமுறையில் பலர் தடுக்கி விழுவது முதல் இடத்தில். செயலைப் பார்க்காமல் நேரே நோக்கத்துக்குத் தாவுகிறோம்: "பிள்ளை படிப்புக்காக", "டீம் இலக்குக்காக". நன்மை வரும்படி தீமை செய்யலாம் என்ற வாதத்தைப் பவுல் ரோமர் 3:8ல் மறுக்கிறார். நல்ல நோக்கம் செயலின் பாரத்தைக் குறைக்கலாம். ஏமாற்று வேலையை வேறொன்றாக மாற்றிவிடாது.

ஆகவே செயலை எழுதிப் பாருங்கள். ஒரே வாக்கியம். யார், யாருக்கு, என்ன செய்தார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அலுவலகச் சொல் ஒன்றும் கூடாது. "வாடிக்கையாளர் தக்கவைப்பு மேம்படுத்தப்பட்டது" என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை. இப்படி எழுதுங்கள்: "வெளியே போக விரும்பியவர் வழியைக் கண்டுபிடிக்க முடியாதபடி நான் திரைகளை அடுக்கினேன்." எழுதக் கை தயங்கினால், தயங்கும் அந்தச் சொல்லில்தான் பிரச்சினை இருக்கிறது. தீமையை நன்மையென்றும் நன்மையைத் தீமையென்றும் சொல்லுகிறவர்களுக்கு ஏசாயா 5:20 "ஐயோ" என்கிறது. பெயரை மாற்றிவிட்டால் மனசாட்சிக்குப் பிடிமானம் போய்விடும். அதனால்தான் கட்டிக்கொடுத்த நாளில் வராத உறுத்தல் பெரியவரின் வாக்கியத்தைப் படித்ததும் வந்தது. அவர் செயலுக்கு அதன் சரியான பெயரை வைத்துவிட்டார்.

எல்லாத் திரையும் தீமை என்றும் எண்ண வேண்டாம். அளவுக்கு மீறிய குற்ற உணர்வும் பார்வையை மறைக்கும். "போகுமுன் பாதி விலைக்கு ஒரு மாதம் தரலாமா?" என்று ஒரே ஒருமுறை கேட்பது வியாபாரம், அதில் ஒளிவு இல்லை. இரண்டு பட்டனும் ஒரே அளவு, ஒரே அழுத்தமான நிறம், ஒன்றின் பக்கத்தில் ஒன்று இருந்தால் நேர்மையான திரை. ஆனால் சேர ஒரு தட்டு, விலக ஆறு திரை. ரத்து என்ற சொல் வெளிர் சாம்பல் நிறத்தில் பக்கத்தின் அடியில். கடைசித் திரையில் "அலுவலக நேரத்தில் அழையுங்கள்" என்றால் அது பொறி. உங்கள் துறைக்காரரான ஹாரி பிரிக்னல் 2010ல் இவற்றுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயர் வைத்தார். உள்ளே போக எளிது, வெளியே வர அரிது என்ற வகைக்குக் கரப்பான் பொறியின் பெயரைத்தான் கொடுத்தார். சோதிக்க எளிய வழி மத்தேயு 7:12: "மனுஷர் உங்களுக்கு எவைகளைச் செய்ய விரும்புகிறீர்களோ, அவைகளை நீங்கள் அவர்களுக்குச் செய்யுங்கள்." இதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தால்: இந்தத் திரை ஏன் இங்கே இருக்கிறது என்ற உண்மைக் காரணத்தைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளரிடம் சத்தமாகச் சொல்ல முடியுமா? முடிந்தால் வையுங்கள்.

உங்கள் மகனுக்கும் இங்கேயே ஒரு பதில் இருக்கிறது. அவன் பணம் இப்படி நான்கு மாதம் போயிருந்தால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்பானா, "இது அநியாயம்" என்பானா என்று கேளுங்கள். அநியாயம் என்ற சொல் வாயில் வந்துவிட்டால், தன் கருத்துக்கு வெளியே இருக்கும் ஓர் அளவுகோலைத் தொட்டுவிட்டான். கருத்து வேறுபடலாம் என்பது உண்மை; கிறிஸ்தவர்களே அடிமை வியாபாரத்தை நூற்றாண்டுகளாக வேதவசனம் காட்டி நியாயப்படுத்தினார்கள், பிரிட்டன் அதை 1807ல்தான் தடை செய்தது. ஆனால் "அன்று செய்தது தவறு" என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறதே, அதுவே அளவுகோல் ஒன்று உண்டு என்பதற்கு அடையாளம். அவனோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கேள்வியை அவனிடம் விட்டுவையுங்கள்.

இப்போது பங்கு. இக்காலத்துத் தீமை பெரும்பாலும் பிரித்துக் கொடுக்கப்பட்ட வேலை. இலக்கை ஒருவர் வைக்கிறார், திரையை ஒருவர் வரைகிறார், குறிமுறையை ஒருவர் எழுதுகிறார், கணக்கை ஒருவர் பார்க்கிறார். யார் கையிலும் முழுத் தீமை இல்லை. பெரியவரின் கணக்கிலிருந்து மட்டும் முழுப் பணமும் போகிறது. இதற்காகவே ஒழுக்க இறையியலில் "தீமைக்கு உடந்தை" என்ற பகுதி வளர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் விவாதித்த ஓர் உதாரணம் இது: ஒரு பெண்ணைக் கெடுக்க ஜன்னல் ஏறும் எஜமானுக்குத் தெரிந்தே தோள் கொடுக்கும் வேலைக்காரன், வேலை போகும், அடி விழும் என்று பயந்து செய்தால் அது பெரும்பாவம் ஆகாது என்று சிலர் எழுதினார்கள். 1679ல் போப் பதினோராம் இன்னொசென்ட் கண்டித்த 65 கூற்றுகளில் அதுவும் ஒன்று. பயம் பாரத்தைக் குறைக்கும், ஆனால் எல்லாவற்றுக்கும் அனுமதிச் சீட்டாகாது.

நான்கு கேள்வி கேட்டால் உங்கள் பங்கு தெரியும். அந்தத் தீய விளைவை நீங்களும் விரும்பினீர்களா? உங்கள் கை செய்த வேலையே தவறா, அல்லது நீங்கள் செய்த நல்ல வேலையை இன்னொருவர் தவறாகப் பயன்படுத்துகிறாரா? நீங்கள் தீமைக்கு எவ்வளவு கிட்டே நிற்கிறீர்கள்? மறுத்தால் உங்களுக்கு வரும் இழப்பு எவ்வளவு? இந்த நான்கில் அதிகம் தீர்மானிப்பது இரண்டாவது. உங்கள் நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் போடுகிறவரும் அதே பணத்தில்தான் வாழ்கிறார். ஆனால் அவர் செய்யும் வேலை நல்ல வேலை, தீமையிலிருந்து பல படி தள்ளியிருக்கிறது. உங்களுடையது அப்படியல்ல. ஒளித்துவைப்பதுதான் அந்தத் தவறு. ஒளித்துவைத்தது உங்கள் கை. ஆகவே நேராகச் சொல்கிறேன்: ஆம், நீங்கள் செய்தது தீமை; அதில் உங்கள் பங்கு தூரத்துப் பங்கு அல்ல. நீங்கள் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வாக்கியம் உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததே, அது மனசாட்சி உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

துணி, போன் விஷயத்துக்கும் இதே கேள்விகளைப் போடுங்கள். அங்கே நீங்கள் தூரத்தில் நிற்கிறீர்கள். உங்கள் செயல் ஒரு பொருளை வாங்கியது. பாவிகளோடு எந்தத் தொடர்பும் கூடாதென்றால் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று 1 கொரிந்தியர் 5:10ல் பவுலே சொல்கிறார். அங்கேயும் கடமை உண்டு. தேவைக்கு மேல் வாங்காமலிருப்பது, தெரிந்த இடத்தில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது. ஆனால் அது வேறு அளவுள்ள கடமை. தூரத்துத் தீமைக்காக அழுதுகொண்டே கைக்கெட்டும் தீமையை அப்படியே விட்டுவைப்பது பலருக்கு நேரும் தவறு. முன்னதற்குக் கண்ணீர் போதும், பின்னதற்குத்தான் வேலையைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. வேலையை நாளைக்கே விட வேண்டாம். யோவான் ஸ்நானனிடம் வரி வசூலிப்பவர்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டபோது, அவர்களை வேலையை விடச் சொல்லவில்லை. "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்" என்றார் (லூக்கா 3:13). வேலைக்குள் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். கோட்டை எங்கே போடுவது என்பது உங்கள் முதல் வேலை. "விலகும் வழி சேரும் வழியைவிட நீளமாக நான் வரைய மாட்டேன்" என்பது போல எண்ணிப் பார்க்கக்கூடிய கோடாக இருக்கட்டும். "நேர்மையாக இருப்பேன்" என்ற கோட்டை யாராலும் பார்க்க முடியாது. அவசர வேலை வரும் நாளில் உங்களாலும் முடியாது.

பிறகு தானியேலின் வழி. பாபிலோன் அரண்மனையில் இருந்த அவர், ராஜாவின் போஜனம் வேண்டாமென்று முதலில் மனதில் தீர்மானித்தார், பிறகு கேட்டார். பிரதானிகளின் தலைவன் தன் தலை போய்விடும் என்று பயந்தபோது அவரைத் திட்டவில்லை. தங்களைக் கவனித்தவரிடம் போய், "பத்துநாள்வரைக்கும் சோதித்துப்பாரும்" என்றார் (தானியேல் 1). சிறிய சோதனை, குறித்த நாள், முடிவை எதிராளியே பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். நீங்களும் இரண்டு திரையில் ஒரு நேர்மையான வழியை வரைந்து எடுத்துக்கொண்டு போங்கள்: "பயனர்களில் சிறு பகுதிக்கு மட்டும், ஒரு மாதம்." ரத்து எண்ணிக்கையோடு புகார்கள், பணம் திரும்பக் கேட்டவர்கள், விலகிவிட்டுத் திரும்பி வந்தவர்கள் என்ற மூன்றையும் சேர்த்து எண்ணச் சொல்லுங்கள். பல நாடுகளில் இத்தகைய வடிவமைப்பைச் சட்டமே தடுக்கிறது; ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத் தளங்களுக்கான சட்டத்தில் தடை இருக்கிறது, இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுக்கிறது. உங்கள் செயலி எங்கே ஓடுகிறதோ அங்குள்ள விதியைப் பார்த்துக்கொண்டு போனால் மேலாளருக்கும் மேலிடத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும். ஆனால் நேர்மையான வழி லாபம் தரும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தராமலும் போகலாம். லாபத்தை மட்டும் காரணமாக நிறுத்தினால், எண்ணிக்கை எதிராக வந்த அன்று உங்களிடம் சொல்ல ஒன்றுமிருக்காது. "இது ஏமாற்று, அதனால் நான் செய்ய விரும்பவில்லை" என்ற ஒரு வாக்கியத்தையும் அமைதியாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே காரியம் கெடுவது பெரும்பாலும் தொனியில். எல்லோர் முன்னும் குற்றம் சாட்டுவதும், வசனம் சொல்லி மேலாளரைப் பாவியாக்குவதும், ஆத்திரத்தில் ராஜினாமாவை வீசுவதும் உங்கள் மனதை ஆற்றலாம், பெரியவருக்கு ஒரு பைசா திரும்பாது. மத்தேயு 18:15–16 சொல்லும் வரிசை அலுவலகத்துக்கும் பொருந்தும்: முதலில் தனியாக, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு.

இன்னொரு வகைக் கேடு சத்தமில்லாதது. "உள்ளே இருந்தே மாற்றுவேன்" என்று சொல்லி ஆண்டுகளைக் கழிப்பது. உள்ளே இருப்பது நியாயம்தான், எந்தத் தேதிக்குள் எது மாற வேண்டும் என்று எழுதிவைத்திருந்தால். உங்கள் நாட்காட்டியில் ஒரு நாளைக் குறியுங்கள், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஆறு மாதத்தில் வேறு வேலை தேடுங்கள், சில மாதச் செலவுக்குப் பணம் சேருங்கள், வீட்டாரிடம் பேசுங்கள். கையில் பணமில்லாத தைரியம் அதிக நாள் நிற்காது, குடும்பத்தையும் அது நசுக்கும். தேதி வந்தும் ஒன்றும் மாறாமல், மறுபடி பொறி வரையச் சொன்னால் விலகிவிடுங்கள்.

மன்னிப்புக் கேட்பதோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. கர்த்தருடைய சமுகத்தில் அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது எண்ணாகமம் 5:7. மனந்திரும்பிய வரி வசூலிப்பவனான சகேயு தனக்கு அதைவிடக் கடுமையான அளவைத் தேர்ந்தெடுத்தான்: நாலத்தனை, அதாவது திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு என்ற யாத்திராகமத்துச் சட்டம். பணம் உங்கள் கைக்கு வரவில்லை. உங்களால் நாலத்தனை கொடுக்க முடியாது. ஆனால் நீங்கள் கட்டியதைப் பிரிக்க முடியும், சிக்கியவர்களுக்காகப் பேச முடியும். இழந்தவருக்கு எதுவும் திரும்பாமல் நம் மனம் மட்டும் லேசாகிவிட்டால் அந்த லேசை நம்பக் கூடாது.

உங்கள் தூக்கத்துக்காக ஒரு பழக்கம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் (அவருடைய பயிற்சி நூலுக்கு 1548ல் ஒப்புதல் கிடைத்தது) தந்த ஆன்ம சோதனை ஐந்து படிகள்: நன்றி, வெளிச்சத்துக்காக ஜெபம், நாளை மணி மணியாகத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, அடுத்த நாளுக்கான தீர்மானம். இரவில் பதினைந்து நிமிடம் போதும். வரிசையை மாற்றாதீர்கள். நன்றியில் தொடங்காமல் நேரே குற்றத்தில் தொடங்குகிறவர்கள் சில வாரங்களில் தங்களையே அடித்துக்கொள்ளும் இடத்துக்கு வந்து நிற்பார்கள். தீர்மானமும் ஒன்றே ஒன்றாக, மறுநாள் செய்துமுடிக்கக் கூடியதாக இருக்கட்டும்.

நாளைய தீர்மானம் என்னவென்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அந்தப் பெரியவரின் புகார் எண்ணை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போங்கள். அவர் கணக்கை மூடி, நான்கு மாதப் பணத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேலாளரைச் சந்திக்கப் போகும்போது அந்தக் காகிதமும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.